யார் யாருக்குச் சப்போர்ட் பண்ணேல்லை?

"லினக்ஸ் அதுக்குச் சப்போர்ட் பண்ணாது."

இந்த வசனத்தைக் கேளாமல் எங்களில் ஒருவரும் வளரவில்லை. கொம்பியூட்டர் திருத்துற கடையில் கேட்டோம், ரியூசன் முடிஞ்சு சைக்கிளோட நிண்டு கதைக்கேக்க கேட்டோம், கம்பஸ் அண்ணாமாரிடமும் கேட்டோம். வைஃபை வரவில்லையா, லினக்ஸ் சப்போர்ட் பண்ணாது. சத்தம் வரவில்லையா, லினக்ஸ் சப்போர்ட் பண்ணாது. திரை பக்கவாட்டில் படுத்துக் கிடக்கிறதா, அதுக்கும் அதே பதில்தான். பதிலைச் சொன்ன கையோடு கள்ள விண்டோஸ் ஒன்றைப் போட்டுத் தந்து, காசையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

இந்த வசனத்தின் எழுவாயே பிழை என்பதுதான் எங்கள் வாதம். ஒரு சிப்பைச் செய்து விற்கிறவர், அந்தச் சிப்போடு எப்படிப் பேசவேண்டும் என்ற விபரத்தை ஒரு இயங்குதளக் கம்பனிக்கு மட்டும் கொடுக்கிறார். மற்ற ஆட்கள் கேட்டால் இல்லை என்கிறார், அல்லது பதிலே போடுவதில்லை. வீட்டை வித்துப்போட்டுத் திறப்பைத் தராமல் போனவனை விட்டுவிட்டு, கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்து "உனக்குக் கதவு திறக்கத் தெரியாது" என்று சொல்லுகிற மாதிரி இருக்கிறது எங்கட ஊர்க் கதை.

ஆனால் எதிர்ப்பக்கத்தில் நிற்கிற எங்கட ஆட்களையும் இந்தக் கட்டுரையில் சும்மா விடப்போவதில்லை. "பழைய லப்டொப்பா? லினக்ஸ் போடுங்கோ, புதுசு மாதிரி ஓடும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிற கட்டற்ற மென்பொருள் பிரசங்கிகள் செய்கிற சேதமும் குறைந்ததில்லை.

எந்த லப்டொப்பைப் பற்றிக் கதைக்கிறோம் என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பத்து, பதினொரு அங்குலத் திரை. 2 ஜிபி ராம். 32 ஜிபி சேமிப்பு, அதுவும் மதர்போட்டிலேயே ஒட்டியிருக்கிற இஎம்எம்சி, கழற்றி மாற்றேலாது. நெற்வேர்க் கேபிள் குத்துகிற ஓட்டை கிடையாது. உள்ளே இன்டெல் அற்றம் புரொசசர். 2014, 2015 காலத்தில் உலகம் முழுக்க மலிவாகக் குவிந்த சாதனங்கள் இவை. எங்கட வீடுகளுக்கு இவை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த மாமாவின்ரயோ சித்தியின்ரயோ சூட்கேசுக்குள் வந்தன. 2020இல் பள்ளிக்கூடம் மூடி ஒன்லைன் வகுப்பு தொடங்கியபோது அலுமாரிக்கு மேலே கிடந்தவற்றையெல்லாம் தூசு தட்டி எடுத்தோம். 2022இல் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது, புது லப்டொப் என்பது கதைக்கவே கூடாத விசயமாகிவிட்டது. மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில் மேசைக் கொம்பியூட்டர் வைத்திருந்தவர்கள் இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, இந்தக் குட்டி மெசின்கள் பற்றரியில் ஓடின. ஒரு சிலது போன் சார்ஜரிலேயே ஏறும். ஆகவே "அது வெறும் குப்பை, எறிஞ்சுபோட்டு வேற வாங்குங்கோ" என்று சொல்லுகிற ஆள் யாருடைய காசில் வாங்கச் சொல்லுகிறார் என்று நாங்கள் கேட்கத்தான் செய்வோம்.

விண்டோஸிலேயே வைத்திருக்கலாமே என்றால், அதுவும் முடிந்த கதை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 கேட்பது குறைந்தது 4 ஜிபி ராமும் 64 ஜிபி சேமிப்பும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும். எங்கள் மெசினிடம் முதல் இரண்டிலும் பாதிதான் இருக்கிறது. அதற்கு முன்னரும் பெரிய சீமான் வாழ்க்கை இல்லை: 32 ஜிபிக்குள் விண்டோஸை வைத்துக்கொண்டு பெரிய அப்டேற் ஒன்றை இறக்க இடமில்லாமல், பென்டிரைவைக் குத்து, இதை அழி, அதை அழி என்று வருடத்துக்கு இரண்டு தரம் கூத்து. ஆகவே லினக்ஸ் இங்கே கொள்கைப் பிடிவாதக்காரரின் ஆசைக்காகப் போடுகிற ஒன்றில்லை. அந்த மெசினைத் தொடர்ந்து பாவிக்க வேறு வழி பெரிதாக இல்லாதபடியால் போடுகிறோம்.

போடப் போனால் என்ன நடக்கிறது?

முதல் அடி பென்டிரைவிலேயே விழும். உபுண்டுவை இறக்கி, பென்டிரைவில் ஏற்றி, குத்தி, லப்டொப்பைப் போட்டால் அது பென்டிரைவைக் கண்டுகொள்ளவே மாட்டாது. நேரே விண்டோஸுக்குப் போய்விடும். பென்டிரைவ் பழுது என்று நினைத்து நாலு பென்டிரைவ் மாற்றின ஆட்களை எங்களுக்குத் தெரியும். பழுது பென்டிரைவில் இல்லை. லப்டொப்பைப் போட்டவுடன் இயங்குதளத்துக்கு முதல் எழும்புவது மதர்போட்டில் எழுதியிருக்கிற யூஈஎஃப்ஐ என்ற சின்ன நிரல். பே ட்ரெயில் வகை அற்றம் சிப்புகள், உதாரணத்துக்கு இசட்3735எஃப், 64 பிட் புரொசசர்கள். ஆனால் அதில் வந்த பெரும்பாலான மெசின்களில் யூஈஎஃப்ஐயை மட்டும் 32 பிட்டில் எழுதி விற்றார்கள். ஏனென்றால் உள்ளே போடப்போவது 32 பிட் விண்டோஸ், விண்டோஸுக்கு யூஈஎஃப்ஐயும் அதே பிட்டில் இருந்தாக வேண்டும். 64 பிட் லினக்ஸ் பென்டிரைவில் 64 பிட் தொடக்கப் பைல் மட்டும் இருக்கும். 32 பிட் யூஈஎஃப்ஐ தேடுவது வேறு பெயர் கொண்ட ஒரு பைலை, பூட்ஐஏ32 என்று தொடங்குகிற ஒன்றை. அது இல்லையென்றால் பென்டிரைவே இல்லை என்று முடிவு கட்டிவிடும்.

தீர்வு இருக்கிறது. பென்டிரைவில் ஈஎஃப்ஐ என்ற போல்டருக்குள் பூட் என்ற போல்டர் இருக்கும், அதற்குள் அந்த ஒரு சின்னப் பைலைப் போட்டுவிட்டு, செக்கியூர் பூட்டை நிறுத்தினால் மெசின் எழும்பும். அல்லது 32 பிட் யூஈஎஃப்ஐயைப் புரிந்துகொள்ளுகிற டெபியனை எடுக்கலாம். லினக்ஸின் கருவான கேர்னல் 2014இல், 3.15ஆம் பதிப்பிலேயே, 32 பிட் யூஈஎஃப்ஐயில் இருந்து 64 பிட்டாக எழும்பப் பழகிவிட்டது. டெபியன் 2015இல் வந்த 8ஆம் பதிப்பில் அதை நிறுவியிலேயே சேர்த்துவிட்டது. இன்னொருவர் அரைகுறையாகச் செய்து விற்றதை ஒரே வருடத்துக்குள் சமாளித்தவர்கள் லினக்ஸ்காரர். அந்த மெசினில் 64 பிட் விண்டோஸ் இன்றைக்கும் எழும்பாது. எங்கே, இப்ப சொல்லுங்கோ பாப்பம், யார் யாருக்குச் சப்போர்ட் பண்ணேல்லை?

இரண்டாவது அடிதான் ஆட்களை விழுத்துவது. வைஃபை. லினக்ஸ் எழும்பிவிட்டது, அழகான திரை, ஆனால் மேலே வைஃபை அடையாளம் இல்லை. இணையத்தில் தேடினால் எல்லா இடத்திலும் ஒரே ஆலோசனை: எல்எஸ்பிசிஐ கட்டளையை அடி, எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை அடி, வருகிற பெயரைப் பார். அடித்துப் பார்த்தால் இரண்டிலும் வைஃபை என்ற சொல்லே வராது. "பாத்தியா, லினக்ஸுக்கு வைஃபை காட் இருக்கிறதே தெரியேல்லை" என்று முடிவெடுக்கிற இடம் இதுதான். உண்மை என்னவென்றால், இந்தக் குட்டி மெசின்களில் வைஃபை பிசிஐயிலும் இல்லை, யூஎஸ்பியிலும் இல்லை. கைத்தொலைபேசியில் மாதிரி எஸ்டிஐஓ என்ற வழியில், மெமரி காட் பூட்டுகிற அதே தொழில்நுட்பத்தில் இணைத்திருக்கிறார்கள். மலிவு, சின்னது, கரண்ட் குறைவு. அந்த இரண்டு கட்டளைகளும் அந்தப் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை. டிமெசேஜ் என்ற கட்டளையை அடித்து, கேர்னல் எழும்பும்போது எழுதிய குறிப்புகளில் எஸ்டிஐஓ, எம்எம்சி என்று வருகிற வரிகளைத் தேடவேண்டும். அங்கேதான் சிப்பின் பெயர் கிடக்கும், சில நேரம் "இந்தப் பைலைத் தேடினேன், கிடைக்கவில்லை" என்ற முறைப்பாடும் சேர்ந்து கிடக்கும்.

இப்படி அதிகம் அகப்படுகிற சிப்புகளில் ஒன்று ஆர்டிஎல்8723பிஎஸ். இதற்கான டிரைவர் கேர்னலுக்குள், அதுவும் ஸ்டேஜிங் என்ற காத்திருப்பு அறைக்குள், நுழைந்தது 2017இல் 4.12ஆம் பதிப்பில். மெசின் கடைக்கு வந்து இரண்டு மூன்று வருடம் கழித்து. அதுவரைக்கும் கேர்னலுக்கு வெளியே யாரோ செப்பனிட்டு வைத்திருந்த மூலநிரலை இறக்கி, ஒவ்வொரு கேர்னல் அப்டேற்றுக்கும் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வகை புரொட்கொம் சிப்புகள். அவற்றுக்கு டிரைவர் இருந்தாலும் காணாது. அந்தந்த மதர்போட்டின் அன்டெனா, சக்தி அளவு முதலிய விபரங்கள் எழுதிய சின்னப் பைல் ஒன்றும் வேண்டும். ஒரு சில மெசின்களில் அது யூஈஎஃப்ஐயின் நினைவகத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அதைத் தேடி எடுத்து, சரியான பெயர் வைத்து, பேர்ம்வெயர் போல்டருக்குள் போட்டால் வைஃபை அடுத்த நிமிடம் எழும்பும். சிப்புக்குள் ஏற்றவேண்டிய நிரலைத்தான் பேர்ம்வெயர் என்கிறோம். முழுத் தீர்வும் ஒரு பைலைப் பிரதி எடுக்கிற வேலை! அந்த ஒரு வரியைத் தங்கட இணையத்தளத்தில் எழுதிவைக்க விற்றவருக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்?

சத்தத்தின் கதை இதைவிடக் கேவலம். வழமையான லப்டொப்புகளில் ஒலிக்கு ஒரு பொது நியமம் இருக்கிறது, ஒரே டிரைவர் எல்லாவற்றுக்கும் பொருந்தும். பே ட்ரெயில் மெசின்களில் ரப்லெற் வழியில் தனியான ஒலிச் சிப்பைப் பூட்டினார்கள். அதில் எந்தக் காலில் ஸ்பீக்கர், எந்தக் காலில் மைக், ஸ்பீக்கர் ஒன்றா இரண்டா என்பது ஒவ்வொரு மொடலுக்கும் வேறு. இதையெல்லாம் மதர்போட்டின் அட்டவணையில் எழுதிவைக்க வேண்டியது தயாரிப்பாளரின் வேலை. எழுதவில்லை, அல்லது பிழையாக எழுதினார்கள். தங்கட விண்டோஸ் டிரைவரில் மட்டும் சரிக்கட்டிவிட்டுப் பெட்டியில் அடைத்தார்கள். இன்றைக்கு லினக்ஸ் கேர்னலின் மூலநிரலைத் திறந்து பார்த்தால், "இந்த மொடலென்றால் மைக் இந்தக் காலில், அந்த மொடலென்றால் ஸ்பீக்கர் ஒன்றுதான்" என்று மெசின் மெசினாக எழுதிய நீண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. திரை பக்கவாட்டில் நிற்பதற்கும் இதே மாதிரி ஒரு பட்டியல். ரச் ஸ்கிரீனுக்கு இன்னொன்று. இவற்றில் கணிசமானதை எழுதியவர் ஹான்ஸ் டி கோடே. றெட் ஹற் நிறுவனத்தில் வேலை செய்த கேர்னல் நிரலாளர். இந்த மலிவு மெசின்களைத் திருத்துவதைத் தன் ஓய்வுநேரத் திட்டமாக எடுத்து வருடக்கணக்காகச் செய்தவர். மெசினை விற்று லாபம் எடுத்தவர் ஒருவர், அதை மனிசர் பாவிக்கக்கூடியதாக ஆக்க ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்தவர் இன்னொருவர்.

அந்தப் பட்டியலிலும் ஒரு பகிடி இருக்கிறது. மெசினை அடையாளம் காணக் கேர்னல் அதனிடம் "உன்ர பெயர் என்ன, யார் செய்தது?" என்று கேட்கும். பல மலிவு மெசின்கள் தருகிற பதில்: "தயாரிப்பாளர் பின்னர் நிரப்பவேண்டும்" என்று அர்த்தம் வருகிற ஆங்கில வசனம். படிவத்தில் பெயர் எழுதுகிற இடத்தை நிரப்பாமலே தொழிற்சாலையிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள்! பெயர் வைக்காமல் பெத்துத் தெருவில விட்டவரிடம் போய், பிள்ளைக்குத் தடுப்பூசி அட்டை எங்கே என்று எப்படிக் கேட்பது?

உறைந்துபோகிற பிரச்சினையையும் சொல்லாமல் விடக்கூடாது. பே ட்ரெயில் மெசின்களில் லினக்ஸ் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று எல்லாம் நின்றுவிடும். எலி அசையாது, விசைப்பலகை அசையாது, அமத்திப்பிடித்து அணைக்கவேண்டியதுதான். சிப் ஆழ்ந்த தூக்க நிலைக்குப் போய் வரும்போது நடக்கிற கோளாறு இது. ஆட்கள் வருடக்கணக்காகப் புகார் எழுதினார்கள். கண்டுபிடித்த கைவைத்தியம், சிப்பை ஆழமாகத் தூங்கவிடாதே என்று கேர்னலுக்கு எழும்பும்போதே ஒரு வரியில் சொல்லிவிடுவது. இன்டெல்_ஐடில் மக்ஸ்_சிஸ்டேற்றை 1 ஆக வைப்பது என்று எங்கும் எழுதியிருப்பார்கள். உறைவது நிற்கும், ஆனால் பற்றரி முந்தியைவிட வேகமாக இறங்கும். பிறகு வந்த கேர்னல்களில் நிலைமை நன்றாகத் தேறிவிட்டது, ஆகவே புதிய கேர்னலில் முதலில் அந்த வரி இல்லாமல் பாவித்துப் பாருங்கோ. உறைந்தால் மட்டும் போடுங்கோ.

"கம்பனிக்கு என்ன கடமை? விண்டோஸோட வித்தான், விண்டோஸில வேலை செய்யுது, அவ்வளவுதானே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கெட்டித்தனமான கேள்வி மாதிரித் தெரியும். ஆனால் இதே அளவு மெசின் லினக்ஸோடேயே பிறந்த வரலாறு இருக்கிறது. 2007இல் அசுஸ் நிறுவனம் ஈ பிசி 701ஐ வெளியிட்டது. 7 அங்குலத் திரை, 512 எம்பி ராம், 4 ஜிபி சேமிப்பு. உள்ளே இருந்தது சன்ட்ரோஸ் என்ற லினக்ஸ். வைஃபை வேலை செய்தது, சத்தம் வேலை செய்தது, கமரா வேலை செய்தது. உலகமெல்லாம் நெற்புக் என்ற ஒரு புதிய வகையே அதிலிருந்துதான் கிளம்பியது. லினக்ஸால் குட்டி மெசினை ஓட்ட முடியாது என்பது உண்மையென்றால் இது எப்படி நடந்தது? விற்றவர் தான் தெரிவு செய்த சிப்புகளுக்குத் தானே பொறுப்பெடுத்தார், அதனால் நடந்தது. அடுத்த வருடமே மைக்ரோசொவ்ற், ஓய்வுபெறவிருந்த விண்டோஸ் எக்ஸ்பி ஹோமை மலிவுக் குட்டி மெசின்களுக்கு மட்டும் 2010 ஜூன் வரை தொடர்ந்து தருவதாக அறிவித்தது. நெற்புக் சந்தை கொஞ்ச நாளில் எக்ஸ்பிக்கு மாறிவிட்டது. அதன்பிறகு சிப் தெரிவு செய்கிற மேசையில் லினக்ஸ் என்ற சொல்லை உச்சரிக்க ஒருவருக்கும் காரணம் இருக்கவில்லை. சில நெற்புக்குகளில் இன்டெல் ஜிஎம்ஏ 500 என்று வந்த வரைகலைச் சிப், உள்ளே இமாஜினேசன் நிறுவனத்தின் பவர்விஆர் சிப். அதற்குக் கேர்னலுக்குள் ஒரு எளிய டிரைவர் வந்துசேர 2011 ஆனது, முப்பரிமாண வேகம் அதில் கடைசிவரை வரவில்லை. ஆகக் கடமை இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு வரலாறே பதில் வைத்திருக்கிறது. செய்யேலும். காசு வேறு பக்கம் காட்டினபடியால் விட்டார்கள்.

சரி, இனி எங்கட பக்கத்து ஆட்கள்.

பல வருடமாகக் கட்டற்ற மென்பொருள்காரரில் ஒரு பகுதியினர் ஒரு நிலைப்பாட்டைக் கடுமையாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்: மூலநிரல் தராத பேர்ம்வெயரை நிறுவியில் சேர்க்கக்கூடாது. கொள்கையாகப் பார்த்தால் மரியாதைக்குரியது. நடைமுறையில் என்ன நடந்தது? டெபியனின் உத்தியோகபூர்வ நிறுவியைப் போட்டால், "உனது வைஃபைக்குப் பேர்ம்வெயர் இல்லை, இணையத்திலிருந்து எடுத்துக்கொள்" என்று சொல்லும். வைஃபை இருந்தால்தானே இணையம்? கேபிள் குத்த வழியிருக்கிற ஆளுக்கு அது ஐந்து நிமிட வேலை. கேபிள் ஓட்டையே இல்லாத மெசினோடு, வீட்டில் போன் டேட்டா மட்டும் வைத்திருக்கிற பிள்ளைக்கு அது மூடிய கதவு. கொள்கையின் விலையைக் கட்டியது கொள்கை பேசினவர் இல்லை. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுத்து, 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து அந்தப் பேர்ம்வெயர்களை நிறுவியிலேயே சேர்த்துவிட்டார்கள். நாங்கள் அந்த முடிவை வரவேற்கிறோம், பிந்தி வந்தது என்றும் சொல்கிறோம். பூட்டிய சிப்பைச் செய்தவனை எதிர்க்கவேண்டிய கோபத்தை, அந்தச் சிப் கையில் அகப்பட்டவன்மேல் காட்டக்கூடாது.

இதைவிட எங்களுக்குக் கோபம் வருவது "ஏன் இந்த மெசினை வாங்கினனீங்கள்?" என்ற கேள்வியில். உதவி கேட்டு வருகிற பிள்ளையிடம் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். பிறகு "திங்க்பேட் வாங்குங்கோ" என்கிறார்கள். அந்தப் பிள்ளை மெசினை வாங்கவில்லை, மாமா கொண்டுவந்து தந்தார். சிப்பின் பெயரைப் பார்த்து மாமா தெரிவு செய்யவில்லை, மலிவுவிற்பனையில் நிறத்தைப் பார்த்து எடுத்தார். உலகத்தில் பெரும்பாலான ஆட்களுக்குக் கொம்பியூட்டர் இப்படித்தான் வந்துசேர்கிறது.

புதுசு மாதிரி ஓடும் என்ற வாக்குறுதியும் பொய். 2008 காலத்து நெற்புக்குகளில் இருந்த அற்றம் என்270 வெறும் 32 பிட். உபுண்டு 2017இலேயே 32 பிட் டெஸ்க்டொப் நிறுவியை நிறுத்தியது, 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13இலும் அதற்கு நிறுவி கிடையாது. பே ட்ரெயில் 64 பிட் என்றபடியால் அந்த வகையில் தப்பியது. ஆனால் 2 ஜிபி ராம் என்பது 2 ஜிபி ராம்தான். எக்ஸ்எஃப்சிஈ அல்லது எல்எக்ஸ்கியூடி மாதிரி இலகுவான மேசைத்தளம் போடலாம், இசட்ராம் மூலம் நினைவகத்தைச் சுருக்கிக் கொஞ்சம் நீட்டலாம். கட்டுரை எழுதலாம், பிடிஎஃப் பாஸ்ட் பேப்பர் பார்க்கலாம், பைதன் பழகலாம், பாட்டுக் கேட்கலாம். பிரவுசரில் பதினைந்து பக்கத்தைத் திறந்துகொண்டு சூமும் போட்டால் மூச்சு வாங்கும். இதை முதலே சொல்லவேண்டும். சொல்லாமல் போட்டுக்கொடுத்தால் அடுத்த கிழமையே அந்தப் பிள்ளை கடைக்குப் போய்க் கள்ள விண்டோஸ் போடும், பிறகு சாகும்வரை லினக்ஸ் கூடாது என்று சொல்லும். அந்தப் பிள்ளையில் பிழையே இல்லை.

ஆகவே லினக்ஸ் நிறுவிக் கொடுக்கிற ஒவ்வொருவரிடமும் நாங்கள் கேட்பது, விண்டோஸை அழிக்க முதல் ஒரு பின்னேரத்தைச் செலவழியுங்கோ. பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓடவிட்டு, வைஃபை, சத்தம், மைக், கமரா, வெளிச்சம் கூட்டிக் குறைப்பது எல்லாம் பாருங்கோ. முக்கியமாக மூடியை மூடித் திறந்தால் மெசின் திரும்ப எழும்புகிறதா என்று பாருங்கோ, ஒருவரும் இதைப் பார்ப்பதில்லை. விண்டோஸுக்குள் இருக்கிற டிரைவர் போல்டரை முழுதாக ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்து வையுங்கோ. ரச் ஸ்கிரீன் சிப்புகளில் சிலவற்றுக்கு வேண்டிய பேர்ம்வெயரை விண்டோஸ் டிரைவருக்குள்ளிருந்துதான் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். விண்டோஸை அழித்தபிறகு தயாரிப்பாளரின் தளத்தில் தேடினால், அந்தத் தளமே இப்போது இருக்குமோ தெரியாது. வைஃபை வரும்வரைக்கும் அன்ட்ரொயிட் போனை யூஎஸ்பி கேபிளில் குத்தி, போனில் யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டால், லினக்ஸ் அதைக் கேபிள் நெற்வேர்க் மாதிரி எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் தனி டிரைவர் ஒன்றும் தேவைப்படாது. எங்கட வீடுகளில் இணையம் போனுக்குள்தானே இருக்கிறது. இது ஒன்றைத் தெரியாமல் லப்டொப்பைத் தூக்கி வைத்தவர்கள் எத்தனை பேர்!

எல்லாம் செய்தும் ஒன்று வேலை செய்யவில்லை என்றால், அதைச் சொல்லிவிட்டு விண்டோஸிலேயே விடுங்கோ. ஒரு மெசினைக் கெடுத்து ஒரு கொள்கையை வளர்க்கேலாது.

தனி ஆட்கள் செய்யக்கூடியது அவ்வளவுதான். பெரிய கேள்வி, மொத்தமாக வாங்குகிற இடங்களில் இருக்கிறது. பாடசாலைக்கு, நூலகத்துக்கு, சனசமூக நிலையத்துக்கு என்று பத்தும் இருபதுமாக லப்டொப் வாங்குகிறார்கள், ஊர்ச்சங்கங்களும் வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்களும் காசு அனுப்புகின்றன. விலைமனுக் கேட்கும்போது ராம் எவ்வளவு, உத்தரவாதம் எத்தனை வருடம் என்று எழுதுகிறார்கள். அதில் ஒரு வரி கூடச் சேர்க்கச் சொல்லுங்கோ: திருத்தம் ஒன்றும் செய்யாத லினக்ஸ் கேர்னலில் வைஃபை, ஒலி, திரை, தூக்கநிலை நான்கும் வேலை செய்வதை வாங்கமுதல் காட்டவேண்டும். விற்பவர் முதல் தரம் முழிப்பார். இருபது மெசின் போய்விடும் என்று தெரிந்தால் ஒரு பென்டிரைவை எடுத்துக் குத்திப் பார்ப்பார். விண்டோஸையே பாவிக்கப்போகிறோம் என்றாலும் இதைக் கேட்கலாம், ஏனென்றால் ஏழு வருடத்துக்குப் பிறகு அந்த மெசினைக் குப்பையில் போடுவதா பாவிப்பதா என்பதை அந்த ஒரு வரிதான் தீர்மானிக்கும்.

கடைசியாக, தமிழில் எழுதுவது பற்றி. உங்கட மெசினில் ஒன்று சரிவந்தால், அல்லது வரவேயில்லை என்றாலும், எழுதிவையுங்கோ. "என்ர லப்டொப்பில வைஃபை வேலை செய்யுது, நன்றி லினக்ஸ்" என்று எழுதினால் ஒருவருக்கும் பிரயோசனம் இல்லை. சிப்பின் பெயர், கேர்னல் பதிப்பு, எந்த லினக்ஸ், டிமெசேஜில் வந்த வரி, என்ன பைலை எங்கே போட்டீர்கள், எந்தத் திகதி. மெசின் தன் பெயரைச் சொல்ல மறுத்தால், பின்மூடியைக் கழற்றி மதர்போட்டில் அச்சடித்திருக்கிற இலக்கத்தைப் பார்த்து எழுதுங்கோ, அது பெரும்பாலான மெசின்களில் இருக்கும். ஆணி சின்னது, சரியான ஸ்குரூட்ரைவர் இல்லாமல் திருகாதையுங்கோ.